ஊர்தியின் உள்ளொளியும் சாரதியின் கண்ணும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களாகிய இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையும் இறப்பரும் பயிராகும் மலைச்சரிவுகளினூடே செல்லும் வீதிகள், நகரெல்லையைக் கடந்த சிறிது தொலைவிலேயே தெருவிளக்கை இழந்துவிடுகின்றன. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துள்கலை வழியாக ஹட்டனை நோக்கி ஏறும் பாதையாயினும், பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வழியாக ஊவாவின் எல்லையை நாடும் பாதையாயினும், இறக்குவானையிலிருந்து தெனியாயைப் பக்கம் செல்லும் வளைவுகளாயினும் இரவில் அங்கே சாரதிக்குத் துணையாவன இரண்டே. ஒன்று ஊர்தியின் முன்விளக்கு. மற்றொன்று அவன் கண். முன்விளக்கைப் பற்றிப் பலரும் பேசுவர். கண்ணைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஊர்தியினுள்ளே எரியும் சிறு விளக்கு அக்கண்ணை என்ன செய்கின்றது என்பதோ பெரும்பாலும் எண்ணப்படாத ஒன்றாகும்.

இவ்வினா இக்காலத்தில் முனைந்து எழுவதற்குக் காரணமுண்டு. இலங்கையில் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார்க் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வாயில் மீளத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியினூடும், பழைய வான்களும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் பழுதுபார்க்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தன. புதிய ஊர்தி வாங்க இயலாதவர் பழையதைப் புதிதுபோல் ஆக்க விரும்புதல் இயற்கை. அதற்குள்ள மலிவான வழி உள்விளக்கின் நிறத்தை மாற்றுதல். பழைய மஞ்சள் மின்குமிழைக் கழற்றிவிட்டு, ‘எல்.ஈ.டி.’ என வணிகர் வழங்கும் ஒளிகாலும் இருவாயியாலமைந்த குமிழொன்றைப் பொருத்தினால், சில நிமிடங்களில் வண்டியினுள் நீலமோ ஊதாவோ பச்சையோ பனிபோன்ற வெண்மையோ பரவிவிடுகின்றது. வேலை எளிது, செலவு சிறிது. ஆனால் எந்த நிறத்தைத் தெரிவது என்பது அழகைப் பற்றிய வினா மட்டுமன்று. சாரதி வெளியே எதனைக் காண்பான், உள்ளே இருப்போர் ஒருவர் முகத்தில் மற்றவர் எதனைக் காண்பர் என்பவற்றையும் அத்தெரிவே முடிவுசெய்கின்றது.

பழைய குமிழின் இயல்பை முதலில் நோக்குவோம். தங்குதன் உலோகத்தாலான மெல்லிய இழையினூடு மின்னோட்டம் செல்ல, இழை வெண்சூடேறி ஒளிர்கின்றது. அவ்வொளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. செலவாகும் மின்சத்தியிற் பெரும்பங்கு வெப்பமாகவே கழிகின்றது. இத்தகைய விளக்கை நிறமாக்க வேண்டின் ஒரே வழி, நிறத்தாளாலோ வண்ணப் பூச்சாலோ அதனை மூடி வேண்டாத நிறங்களைத் தடுத்தலாகும். நீலத்தாள் சுற்றிய இழைக்குமிழ் மங்கலாய் எரிவதன் காரணம் இதுவே: அதனிடத்து முன்னரே சிறிதளவாயிருந்த நீலம் மட்டும் வெளிவர, எஞ்சியது முழுவதும் தாளிலே தங்கி அதனைச் சுடுகின்றது. எனவே இழைக்குமிழின் காலத்தில் வண்டியினுள் அடர்ந்த நீல ஒளியை நிறைப்பது எவருக்கும் எளிதாயிருக்கவில்லை. சாரதியின் கண்ணுக்கு அது, எவரும் திட்டமிடாத ஒரு காவலாக அமைந்தது.

ஒளிகாலும் இருவாயி நிறத்தைத் தடுத்துப் பெறுவதில்லை; நிறத்தையே பிறப்பிக்கின்றது. இது குறைகடத்திப் பளிங்கு இரண்டின் சேர்க்கை. ஒன்றில் இலத்திரன்கள் மிகுந்திருக்கும். மற்றையதில் இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், மிகுந்திருக்கும். உரிய திசையில் மின்னழுத்தம் கொடுத்ததும் இலத்திரன்கள் எல்லையைக் கடந்து துளைகளில் வீழ்கின்றன. வீழ்ச்சியில் விடுபடும் சத்தி ஒளியாகின்றது. வீழ்ச்சியின் ஆழம் அப்பளிங்கு எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தது. ஆழம் மிகுந்தால் ஒளி நீலத்தை நோக்கியும், குறைந்தால் சிவப்பை நோக்கியும் செல்லும். ஆகவே நிறத்தை மாற்ற வேண்டின் பளிங்கின் பொருளையே மாற்றவேண்டும்.

சிவப்பு முதலில் வந்தது. அமெரிக்காவின் செனரல் இலெக்றிக் நிறுவனத்தில் நிக் ஒலொன்யாக் 1962ஆம் ஆண்டில் கண்ணுக்குத் தோன்றும் சிவப்பொளி இருவாயியை ஆக்கினார். மஞ்சளும் பச்சையும் அடுத்த ஆண்டுகளில் வந்தன. நீலம் மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அறிவியலாளரைக் காக்கவைத்தது. காலியம் நைத்திரைட்டு என்னும் பொருள் நீலவொளி தரவல்லது எனத் தெரிந்திருந்தும், அதனைக் குறையற்ற பளிங்காக வளர்க்க இயலவில்லை. யப்பானியரான இசாமு அகாசாகியும் இரோசி அமானோவும் 1986ஆம் ஆண்டில், நீலக்கற் பலகையொன்றின்மீது அலுமினியம் நைத்திரைட்டு மென்படையிட்டு, அதன்மேல் நல்ல காலியம் நைத்திரைட்டுப் பளிங்கை வளர்த்துக் காட்டினர். நிச்சியா நிறுவனத்தைச் சேர்ந்த சுசி நகாமுரா தம் வழியில் முயன்று 1993இல் பிரகாசமான நீல இருவாயியை வெளிக்கொணர்ந்தார். மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நீலக்கல் என்ற சொல் இரத்தினபுரியாரின் செவிக்குப் புதியதன்று. அங்கே ஆற்றுப்படுகைகளிலும் வயல்களின் அடியிலும் ‘இல்லம்’ எனப்படும் பரற்படையைத் தோண்டி அரித்து எடுக்கும் நீலக்கல்லும், நீல இருவாயிக்கு அடிப்பலகையாகும் கல்லும் வேதியியலில் ஒன்றே. இரண்டும் அலுமினியம் ஒட்சைட்டாலான குருந்தக்கல். இரத்தினபுரிக் கல்லுக்கு நீலநிறம் தருவது அதனுட் புகுந்த சிறிதளவு இரும்பும் தைத்தேனியமுமாம். ஆலையிலே 2,000 பாகை செல்சியசுக்கு மேல் அலுமினாவை உருக்கி வளர்க்கும் கல்லிலோ அக்கலப்பு இராது. அது நீர்போலத் தெளிந்தது. நீலமே இல்லாத நீலக்கல்லின்மேல் நீலவொளி வளர்க்கப்படுகின்றது என்பது சுவையான செய்தியன்றோ. நிறம் இன்மையால் மதிப்பிழந்து கிடந்த கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சூடேற்றி நீலமாக்கிய கதையை அறிந்தவர்கள் இந்த முரணை எளிதில் நயப்பர்.

கல்லின் உறவு இத்துடன் முடியவில்லை. வெள்ளை எல்.ஈ.டி. எனப்படுவது உண்மையில் நீல இருவாயியே. அதன்மேல் மஞ்சட்பொடியொன்று பூசப்பட்டிருக்கும். நீலவொளியின் ஒரு பகுதியை அப்பொடி விழுங்கி மஞ்சளாக உமிழ, எஞ்சிய நீலமும் அம்மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. சீரியம் கலந்த இற்றியம் அலுமினியம் கானெற்று என்பது அப்பொடியின் பெயர். சப்ரகமுவவின் பரற்படையிற் கிடைக்கும் கோமேதகமும் கானெற்று இனத்தைச் சேர்ந்ததே. பொருள் வேறாயினும் பளிங்கின் கட்டமைப்பு ஒன்று. பொடி தடித்தால் வெண்மை வெதுமையாகும்; மெலிந்தால் நீலம் மேலோங்கிப் பனிவெண்மையாகும். இவ்வேறுபாட்டைக் கெல்வின் அளவையாற் குறிப்பர். பழைய இழைக்குமிழின் ஒளியை ஒத்தது 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ளது. வாகன உதிரிப்பாகக் கடைகளில் ‘வெள்ளை’ என்ற பெயரில் மிகுதியாக விற்கப்படுவதோ 6,000 கெல்வினை அடுத்தது. பெயரால் வெள்ளையாயினும் அதனுள் நீலம் செறிந்துள்ளது என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நீலம் செறிந்திருந்தால் என்ன குறை? இதற்கு விடை விழித்திரையில் உள்ளது.

விழித்திரையில் ஒளியுணரும் கலங்கள் இருவகை. கூம்புகள் ஏறத்தாழ அறுபது இலட்சம். பகலொளியில் தொழிற்பட்டு நிறத்தையும் நுண்மையையும் காட்டுவன. கோல்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி. மங்கிய ஒளியில் தொழிற்படுவன. கோல்களுக்கு நிறம் தெரியாது. ஆனால் கூம்புகள் கைவிட்ட இருளில் ஓர் உருவம் அசைவதை அவையே அறிவிக்கும். கோல்களின் ஆற்றல் உரொடொப்சின் என்னும் நிறப்பொருளில் தங்கியுள்ளது. வெளிச்சம் பட்டதும் அது வெளிறிச் சிதையும். இருளிலே மெல்ல மெல்ல மீளும். வெளிச்சமான அறையிலிருந்து இருளுக்குச் சென்றவனின் கண் முழுமையாகப் பழகுவதற்கு அரைமணி நேரமளவு ஆவதன் காரணம் இதுவாகும். அந்நிறப்பொருள் உயிர்ச்சத்து ஏயினின்று ஆக்கப்படுவதால், அச்சத்துக் குறைந்தோர் மாலைக்கண் நோயால் வருந்துவர் என்பது யாவரும் அறிந்ததே.

கோல்கள் எல்லா நிறங்களாலும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை. 500 நனோமீற்றர் அலைநீளத்தை அடுத்த நீலப்பச்சை ஒளியிலே அவற்றின் உணர்வு உச்சத்திலுள்ளது. கூம்புகளின் உச்சமோ 555 நனோமீற்றரில், மஞ்சட்பச்சையில் உள்ளது. அந்திமயங்கும் வேளையில் செம்மலர் கருத்தும் நீலமலர் வெளிறியும் தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொகீமிய நாட்டறிஞர் புர்க்கினே கண்டு கூறினார். பார்வை கூம்புகளிலிருந்து கோல்களுக்குக் கைமாறுவதே அதன் காரணம். இதனை ஊர்திக்குப் பொருத்திப் பார்ப்போம். 470 நனோமீற்றர் நீலவிளக்கொன்றும் 630 நனோமீற்றர் சிவப்பு விளக்கொன்றும் பகற்கண்ணுக்குச் சமமான பிரகாசமாகத் தோன்றுமாறு அமைக்கப்பட்டால், நீலவிளக்கு கோல்களை மற்றையதிலும் சில நூறு மடங்கு தாக்கும். செம்மஞ்சள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆயினும் சிவப்பின் பக்கமே சார்ந்தது.

முன்விளக்கு எரியும்போது சாரதியின் கண் முழு இருளுக்குப் பழகியிருப்பதில்லை என்று ஒருவர் தடை கூறலாம். அது உண்மையே. முன்விளக்கின் ஒளிக்கற்றையுள் காண்பதற்குக் கூம்புகளே போதும். ஆனால் மலைவீதியின் இடர் அக்கற்றையினுள் இருப்பதில்லை. கொண்டையூசி வளைவில் வண்டி திரும்பும்போது முன்விளக்கு நேரே பள்ளத்தின் மேலுள்ள வெறுவெளிக்கு ஒளி வீசும். வீதியோ பக்கவாட்டில் இருளில் மடிந்து கிடக்கும். அம்மடிப்பில் யார் நடந்து வருகின்றார் என்பதைச் சாரதி தன் பார்வையின் ஓரத்தாலேயே முதலில் உணர்கின்றான். ஓரப்பார்வை கோல்களின் ஆட்சிக்கு உட்பட்டது. விடியுமுன் இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டச் செல்வோரும், அதிகாலைப் பேருந்துக்காக லயத்திலிருந்து வீதிக்கு வருவோரும், நடைபாதையில்லாத வீதியின் ஓரத்தில், இருண்ட உடையும் மழைக்கு முக்காடாகச் சாக்குமாகச் செல்வர். அவர்கள்மேல் முன்விளக்குப் படுமுன் அவர்களைக் காணத்தக்க கண் அச்சாரதிக்கு வேண்டும். நீலவெளிச்சம் நிறைந்த வண்டியினுள் இருப்பவனுக்கு அக்கண் குறைந்துவிடுகின்றது. தான் எதனைக் காணவில்லை என்பதை அவன் அறியான் என்பதே இதிலுள்ள கொடுமை.

மற்றொரு தீங்கு கண்ணாடியால் விளைவது. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். சரிவாக விழுந்தால் இன்னும் கூடும். வெளியே இருளும் உள்ளே ஒளியுமாயிருக்கையில் முன்கண்ணாடி அரைக்கண்ணாடியாக மாறி வண்டியின் உட்புறத்தையே வீதியின்மேல் வரைந்து காட்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இரத்தினபுரியிலே கண்ணாடியின்மேல் நீர்த்துளி இல்லாத இரவுகள் குறைவு. ஈரமான மூச்சால் உட்புறம் பனித்தும் இருக்கும். உள்ளொளி அத்துளிகளிலும் பனிப்பிலும் சிதறித் திரையாகின்றது. இத்தீங்கு எந்நிறத்தாலும் உண்டாகும். ஆயினும் நீலவொளியின் கூசல் இரவில் மிகுதியாக உணரப்படுகின்றது.

இனி, மானிப்பலகையின் விளக்கு. வேகமானியின் எண்களை நீலத்தால் ஒளிரச் செய்தல் சிலருக்கு விருப்பம். கண்ணின் வில்லை நீலத்தையும் சிவப்பையும் ஒரே இடத்திற் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னரே குவிந்துவிடும். விழித்திரையின் நடுப்புள்ளியில் நீலமுணரும் கூம்புகள் பெரும்பாலும் இல்லை. எனவே நீல எண்கள் விளிம்பு மங்கித் தோன்றும். வயது முதிர்ந்து வில்லை மஞ்சளித்த சாரதிக்கு இன்னும் மங்கும். செருமனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தன் கார்களின் மானிகளை நீலவொளியால் அணிசெய்து, பின்னர் வெள்ளைக்கு மாறியது. அந்நாட்டின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் நெடுங்காலம் செம்மஞ்சளையே கைக்கொண்டது. இவ்விரண்டனுள் இரவுக்கண்ணின் இயல்போடு ஒத்துச் சென்றது பின்னையதே எனலாம்.

அங்ஙனமாயின் உள்விளக்கு முழுவதையும் சிவப்பாக்கிவிட்டால் என்ன? இரண்டாம் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களிலும் வானூர்திகளிலும் சிவப்பு விளக்கு இக்காரணம் பற்றியே கைக்கொள்ளப்பட்டது. பின்னர் அதன் குறையும் வெளிப்பட்டது. நிலப்படத்தில் சிவப்பு மையாற் கீறிய கோடுகள் சிவப்பொளியில் மறைந்துபோயின. வெள்ளைத்தாளும் சிவப்பு மையும் சிவப்பொளியை ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றுவதில்லை.

தோட்டப்புறத்தில் இது நிலப்படத்தைப் பற்றிய செய்தியன்று. வைத்தியசாலை தொலைவிலுள்ள தோட்டமொன்றில் நள்ளிரவில் ஒருவர் நோயுற்றால், கையருகில் உள்ள வானோ முச்சக்கர வண்டியோ தோட்ட லொறியோதான் நோயாளர் ஊர்தியாகின்றது. பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாயையும், பாம்பு தீண்டியவரையும், மூச்சுத்திணறும் முதியவரையும் கரடுமுரடான பாதையில் ஏந்திச் செல்கையில், உடன் செல்வோர் அவர்தம் நிலையை அறிவதற்குள்ள ஒரே ஒளி வண்டியின் உள்விளக்காகும். உதடு வெளிறுகின்றதா, நீலம் பாரிக்கின்றதா, துணியில் நனைந்திருப்பது நீரா குருதியா, கடிவாயைச் சுற்றிச் சிவந்து வீங்குகின்றதா என்பவற்றை நிறமே சொல்லும். சிவப்பு விளக்கின்கீழ் வெள்ளைத்துணியிற் படிந்த குருதி துணியோடு ஒன்றித் தோன்றும். வெளிறிய உதட்டுக்கும் நல்ல உதட்டுக்கும் வேற்றுமை தெரியாது. நீலவிளக்கின்கீழோ குருதி கறுப்பாகும். எல்லார் உதடும் நீலமாகும். நலமுள்ளவர் நோயாளிபோலவும் நோயாளி மற்றவர்போலவும் தோன்றும் அவ்வொளியில் உற்றார் எதனை அறிவர்? அழகுக்கென மாற்றிய விளக்கு அவ்வேளையில் இருளினும் சிறிதே மேலானது.

ஆதலின் ஊர்தியின் நடுவிளக்கு, அதாவது கூரையிலுள்ள விளக்கு, வெள்ளையாகவே இருத்தல் வேண்டும், அதுவும் வெதுவெண்மையாக. வெள்ளையிலும் தரவேறுபாடு உண்டு. பொருள்களின் இயல்பான நிறத்தை ஓர் ஒளி எவ்வளவு செவ்வையாகக் காட்டுகின்றது என்பதை நிறங்காட்டற் சுட்டெண் என்னும் அளவையாற் குறிப்பர். பழைய இழைக்குமிழின் சுட்டெண் ஏறத்தாழ 100, மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் 70 அளவிலும், நல்லவை 90க்கு மேலும் இருக்கும். மலிவானவற்றில் அடர்சிவப்புக் குறைந்திருப்பதால் மேனி சாம்பல் படிந்தாற்போலக் காணும். இதன் பொருளை இரத்தினபுரியின் மணி வணிகருக்கு விளக்கவேண்டியதில்லை. இலங்கையிற் கிடைக்கும் அலெக்சாந்திரைற்று பகலிற் பச்சையாகவும் இழைக்குமிழின்கீழ்ச் சிவப்பாகவும் மாறுவதையும், விளக்கொளியில் நன்றெனத் தோன்றிய நீலம் காலைவெளிச்சத்தில் வேறாவதையும் கண்டு பழகியவர்கள் அவர்கள். கல்லுக்குக் காட்டும் அவ்விழிப்பை நோயாளியின் முகத்துக்கும் காட்டுவது தகும்.

பொருத்தும் முறையை இனிச் சொல்லலாம். கார்களிலும் வான்களிலும் கூரைவிளக்காக இருப்பது பெரும்பாலும் இருமுனையிலும் உலோகத்தொப்பி கொண்ட உருளைக் குமிழ். அதன் நீளம் 31, 36, 39, 41 மில்லிமீற்றர் எனப் பலவாறு உண்டு. பழையதை அளந்தே புதியதை வாங்கல் வேண்டும். கதவுவிளக்கு முதலியவற்றில் ரி-10 எனப்படும், அடிப்புறம் ஆப்புப்போல் தட்டையான குமிழும், மானிப்பலகையில் அதனினும் சிறிய ரி-5 வகையும் காணப்படும். விளக்கின் ஆளியை அணைத்து, அதற்குரிய உருகியையும் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று. உருளைக் குமிழைப் பிடிக்கும் உலோகத் தகடு வண்டியின் உடலைத் தொட்டால் குறுஞ்சுற்று உண்டாகி உருகி எரிந்துபோகும். எரிந்த உருகிக்குப் பதிலாக ஈயத்தாளையோ செப்புக்கம்பியையோ வைத்து ஓட்டும் வழக்கம் வண்டியையே எரிக்கக்கூடியது. விளக்கின் மூடியைத் துணி சுற்றிய தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். இருவாயி ஒரு திசையிலேயே மின்னைக் கடத்துவதால், பொருத்தியது எரியவில்லையெனில் அதனை முன்பின்னாக மாற்றிப் பார்க்க வேண்டும். மூடியை இடுவதற்கு முன்னரே எரித்துப் பார்த்தல் இரண்டாம் முறை நெம்புவதைத் தவிர்க்கும்.

மின்னழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் மலிவான குமிழ்கள் விரைவிற் கெடுவது இதனாலேயாம். மின்கலவடுக்கின் அழுத்தம் 12 வோற்று எனச் சொல்லப்படினும், எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 ஆகவும், ஓடும்போது 14.4 வரையும் இருக்கும். வெள்ளை இருவாயி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோற்றை எடுத்துக்கொள்ளும். மூன்றைத் தொடராக இணைத்து 180 ஓம் தடையியொன்றையும் சேர்த்தால், நிற்கும் வண்டியில் தடையியின்மீது 3.6 வோற்று எஞ்சி 20 மில்லியம்பியர் ஓடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எஞ்சுவது 5.4 வோற்று; மின்னோட்டம் 30 மில்லியம்பியர். அழுத்தம் ஏறியது ஏழிலொரு பங்கே. மின்னோட்டம் ஏறியதோ பாதிப்பங்கு. வெயிலிற் காயும் கூரையின்கீழ் அவ்வெப்பத்தைத் தாங்காது இருவாயி மங்கிவிடும். மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் சுற்றுள்ள குமிழ்கள் விலை சற்றே கூடினும் வாங்கத்தக்கவை. லொறிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் 24 வோற்றில் இயங்குவன. முன்சொன்ன குமிழை அங்கே இட்டால் 90 மில்லியம்பியர் பாய்ந்து உடனே கருகும்.

இம்மாற்றத்தால் வரும் உண்மையான பயனையும் மறைத்தலாகாது. 10 உவாற்று இழைக்குமிழ் 0.83 அம்பியரை உறிஞ்சும். அதேயளவு வெளிச்சத்துக்கு 1 உவாற்று அளவான எல்.ஈ.டி. குமிழ் 0.08 அம்பியரில் அமையும். கதவு சரியாக மூடப்படாது ஓரிரவு பத்துமணி நேரம் விளக்கெரிந்தால், முன்னையது மின்கலவடுக்கிலிருந்து 8 அம்பியர்மணிக்கு மேல் வடித்துவிடும். பின்னையது 1 அம்பியர்மணியையும் எட்டாது. சிறிய காரொன்றின் பழைய மின்கலவடுக்குக்கு முன்னைய இழப்பே காலையில் எஞ்சினை இயக்கமுடியாமற் செய்யப் போதும். திருத்தகம் பல மைல் தொலைவிலுள்ள தோட்டத்தில் இது சிறிய நன்மையன்று.

நிறவிளக்கே கூடாது என்று துறவுரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு இடமுண்டு, இடமறிந்து வைக்கவேண்டும். இருக்கைகளின் கீழும் காலடியிலும் மங்கிய செம்மஞ்சள் ஒளியை வைத்தால், ஏறுவோர் படியைக் காண்பர். ஒளி முன்கண்ணாடியை எட்டாது. பேருந்தின் பின்பகுதியில் நிறவிளக்கு வேண்டுவோர் சாரதிக்குப் பின்னே திரையோ தடுப்போ இட்டு, முன்வரிசைக்குத் தனி ஆளி வைத்தல் முறை. ஊர்திகளின் முன்னோக்கிச் சிவப்பொளி தோன்றலாகாது என்பது உலகெங்கும் வழங்கும் வீதிமரபு. உள்ளே வைத்த சிவப்பு விளக்கு முன்கண்ணாடியினூடு வெளியே தெரிந்தால் எதிரே வருபவன் அதனைப் பின்விளக்கென மயங்கக்கூடும்.

இவ்விடத்தே, மானிப்பலகையின்மேல் பிள்ளையார் அல்லது முருகன் படத்தைச் சுற்றி மின்னும் சிறு விளக்கைப் பற்றியும் ஒரு சொல். மலையகத்து வான்களிலும் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இது பரவலாகக் காணப்படும் வழக்கம். அதனை நீக்குமாறு சொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் வேண்டியதில்லை. ஆயின் அது சாரதியின் பார்வைக்கோட்டிலேயே, கண்ணாடிக்கு மிக அண்மையில், இரவு முழுவதும் எரிவது. மின்னி மின்னி அணைவது ஒவ்வொரு மின்னலிலும் கண்ணைத் தன்பால் இழுக்கும். நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னும் சரத்துக்குப் பதிலாக, நிலையாக எரியும் ஒற்றைச் சிவப்பு அல்லது செம்மஞ்சள் இருவாயியைப் படத்தின் உட்புறமாக வைத்து, மேலே ஒரு சிறு தகட்டை விதானம்போல் வளைத்துவிட்டால் ஒளி படத்தின்மேல் மட்டும் விழும், கண்ணாடியில் எதிரொளிராது. அகல்விளக்கின் சுடரும் அந்நிறத்ததே.

சிவனொளிபாதமலைக்கு யாத்திரை நடைபெறும் மாதங்களில், மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்கு வான்கள் இரவில் ஏறும். உள்ளே இருபதுபேர்; பாட்டும் பேச்சும்; உணவுப்பொதி பிரிக்க விளக்கு வேண்டும். அத்தகைய வண்டிக்குத் தக்க அமைப்பு இரண்டு ஆளிகளாம். ஒன்று பின்னிருக்கைகளின் காலடியிலுள்ள மங்கிய செம்மஞ்சள் விளக்குக்கு. அது ஓடும்போதும் எரியலாம். மற்றொன்று கூரையிலுள்ள வெதுவெள்ளை விளக்குக்கு; அது வண்டி நின்ற பின்னரே எரியவேண்டும். நின்ற இடத்தில் அதனை ஏற்றிப் பொதி பிரித்து உண்டபின், மீண்டும் புறப்படுமுன் சாரதி அதனை அணைத்து, தன் கண் ஓரளவு இருளுக்குப் பழகும்வரை சில நிமிடம் பொறுத்திருப்பானாயின், முதல் வளைவிலேயே அதன் பயனைக் காண்பான்.